காது சொறிந்த ஜனாதிபதி

மூஞ்சியை மட்டும் மாத்தாதீங்கம்மா, அவ்வளவுதான். நான் சொன்னதை நீங்க சரியாத்தான் கேட்டீங்க. மறுபடி கேக்காதீங்க. இந்தா, இந்த பிஸ்கட்டை எடுத்துக்குங்க, உள்ளே பேரீச்சம்பழம் வச்சது. ஆங், அப்படித்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட நிக்கிறானே கேப்டன், அவனுக்கு நம்ம பாஷையில தெரிஞ்சதெல்லாம் ரொட்டி, நில்லு, கையைத் தூக்கு. ஆனா மூஞ்சியைப் படிக்கத் தெரியும். அதுக்குன்னே பழக்கி அனுப்பியிருக்காங்க.

ஆமா, நான் ஜனாதிபதி இல்ல. ஃபர்ஹான் ஸர்ரூக் செத்து ரெண்டு வருஷமாகப் போகுது. என் பேரு வஜீஹ். வஜீஹ் தன்னூஸ். நாடகக்காரன். அதுலயும் சிரிப்பு நாடகம்.

ஒலிப்பதிவா? இருக்கு, அந்த விளக்குக்குள்ள. பாக்காதீங்க! இருந்துட்டுப் போகட்டும். அதைக் கேட்டு எழுதுறவனும் உங்க கூட அவனுங்க அனுப்பின மொழிபெயர்ப்புக்காரனும் ஒரே ஆளுதான். அவன் இப்போ கக்கூஸை விட்டு எழுந்திரிக்க முடியாது. காலைச் சாப்பாட்டுல இங்கே சமையல் பாக்கிற நம்ம ஜும்ஆ அண்ணன் என்னத்தையோ கலந்துட்டாரு. வேற ஆள் வரணும்னா ரயிலடி முகாமுல இருந்து வரணும். அதுக்குள்ள நாம பேசி முடிச்சிடலாம்.

நீங்க ரெண்டு மூணு வார்த்தை கத்துக்கிட்டு வந்திருக்கேன்னு கேப்டன்கிட்ட சொன்னதும் நல்லதாப் போச்சு. நான் உங்களுக்குப் பாஷை சொல்லிக்கொடுக்கிறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். இப்போ பாருங்க, அந்தச் சுவத்துப் படத்தைக் காட்டுறேன். கப்பல். சொல்லுங்க, கப்பல். ம், தலையாட்டுங்க. பிரமாதமா நடிக்கிறீங்களே! எங்க கொட்டகைக்கு வந்திருந்தா உங்களை விட்டிருக்க மாட்டோம்.

எப்படிக் கண்டுபிடிச்சேனா? உள்ளே வரும்போது ஜும்ஆகிட்ட தண்ணி கேட்டீங்கல்ல. புத்தகத்துல படிச்சவங்க கேக்கிற மாதிரியா கேட்டீங்க? மலைக்காரங்க இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தீங்க. உங்க அம்மா அந்தப் பக்கமா? அப்படிச் சொல்லுங்க. அப்போ நீங்க பாதி எங்க வீட்டுப் பொண்ணு.

சரி, முதல்ல இருந்தே சொல்றேன். எனக்கு மர்ஸா சந்தைக்குப் பின்னாடி ஒரு கொட்டகை. வியாழக்கிழமை தோறும் நாடகம். நான்தான் ஜனாதிபதி வேஷம். ஸர்ரூக்கைப் பத்தி நீங்க படிச்சிருப்பீங்க, ஆனா கேட்டிருக்க மாட்டீங்க. அந்த ஆளு மேடையில ஏறினா கொசு கூட தூங்கிடும். ஆட்சிக்கு வர்றதுக்கு முன்னாடி வடிகால் இன்ஜினியர். சுதந்திர தினமா இருந்தாலும் சரி, எவனாவது செத்த வீடா இருந்தாலும் சரி, சுத்திச் சுத்தி வடிகாலுக்கே வந்து நிப்பாரு. எங்களுக்கு வேற என்ன வேணும்? நான் சும்மா மேடையில வந்து நின்னு தொண்டையைச் செருமினாலே ஜனம் உருளும்.

அதுல என் வீட்டுக்காரி ஒரு வேலை பண்ணினா. நஜ்லா. நாடகம் எழுதுறது பூரா அவதான். நான் வெறும் வாய்தான். அவ சொன்னா, யோவ், இந்த ஆளு பொய் சொல்லும்போது ஜனத்துக்குத் தெரியணும்யா, ஒரு அடையாளம் வையி. பொய் சொல்றதுக்கு முன்னாடி வலது காதைச் சொறி. அவ்வளவுதாம்மா. அதுக்கப்புறம் நான் காதுகிட்ட கையைக் கொண்டு போனாலே கொட்டகை அதிரும். சின்னப் பசங்க கூட, வீட்டுப்பாடம் முடிச்சிட்டியான்னு வாத்தியார் கேட்டா காதைச் சொறிஞ்சுக்கிட்டே முடிச்சிட்டேன் சார்னு சொல்லுங்க.

ஒரு வியாழக்கிழமை கடைசி பெஞ்சுல தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு ஒரு ஆளு. நாடகம் முடிஞ்சதும் வேஷம் கலைக்கிற இடத்துக்கே வந்துட்டாரு. ஜனாதிபதியேதான். அவரு என்னைச் சுத்தி ஒரு சுத்து வந்து பாத்தாரு. ஏம்ப்பா, நான் காது சொறியறதே இல்லையேன்னாரு. இல்லைங்கய்யா, நீங்க பொய் சொல்றப்போ ஜனத்துக்குத் தெரியணுமேன்னு சும்மா... அப்படின்னு இழுத்தேன். அதுக்கு அவரு, நான் பேசுறது பெரும்பாலும் வடிகாலைப் பத்தி. அதுல பொய் சொல்ல இடமே கிடையாதேப்பான்னாரு. நஜ்லா வாயைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடிட்டா. போகும்போது எங்க கொட்டகை வாசல் சாக்கடையைக் குனிஞ்சு பாத்துட்டு, இது சரிவு பத்தாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. மறுவாரம் ஆள் வந்து தோண்டிச் சரிபண்ணிக் கொடுத்தான்.

அந்த மனுஷன் அப்படிப்பட்டவரும்மா. சுவாரசியமே இல்லாதவரு. ஆனா நேரானவரு.

இப்போ விளக்கைக் காட்டுறேன். விளக்கு. ம், சொல்லுங்க.

இந்தக் கேப்டனோட ஆளுங்க, அஸ்கரான்காரன், எப்படி வந்தான்னு உங்க விசாரணைக் காகிதத்துல எல்லாம் வேற மாதிரி இருக்கும். நடந்தது இதுதான். அவனுக்கும் வடக்கத்திக்காரனுக்கும் சண்டை. நமக்கு அதுல ஒரு சம்பந்தமும் இல்ல. முதல்ல, உங்க ஊரு வழியா எங்க ரயில் போகணும்னான். சரின்னாங்க. அப்புறம், ரயிலுக்குக் காவல் வேணும்னான். அப்புறம், ரயிலடியிலயே முகாம் போட்டான். அப்புறம், ரயிலடி இருக்கிற ஊருல எல்லாம் எங்க சட்டம்னான். இந்த நாட்டுல ரயிலடி இல்லாத ஊரு ஏது? கடைசியா ஒரு நாள் டாங்கி வந்து அரண்மனை வாசல்ல நிக்குது. போர் முடியிற வரைக்கும் ரெண்டு நாடும் ஒண்ணா இருக்கட்டும், நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க போதும்னான். சண்டைக்கு அவனுக்குப் பசங்க பத்தல. ஒண்ணாயிட்டா எங்க பசங்களையும் இழுத்துட்டுப் போலாம்ல, அதுக்குத்தான்.

இந்த ரூம்லதான் நடந்தது. ஜும்ஆ டீ கொண்டு வந்து கொடுத்தவரு, கூடவே நின்னு பாத்தவரு. அஸ்கரான் கர்னல் வோரிக் காகிதத்தை இந்த மேஜையில வச்சான். ஸர்ரூக் என்ன பண்ணினாரு தெரியுமா? ஷூவைக் கழட்டி ஓரமா வச்சாரு. காலை நீட்டி உக்காந்தாரு. டீ கேட்டாரு. கேட்டுட்டு, மர்ஸா நகரத்து வடிகாலைப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு.

சத்தியமா! துறைமுகத்துல ஆரம்பிச்சு, சந்தை, பள்ளிவாசல் தெரு, தோல் பதனிடுற பேட்டைன்னு ஒவ்வொண்ணா. வோரிக் மிரட்டுறான், காகிதத்தைத் தட்டுறான், துப்பாக்கியை எடுத்து வைக்கிறான். இவரு, அந்த இடத்துல குழாய் அளவு தப்பு கர்னல், நான் அப்பவே சொன்னேன்னு போய்க்கிட்டே இருக்காரு. ஜும்ஆவுக்கே பாதியில கொட்டாவி வந்துடுச்சாம். நான் நாடகத்துல எத்தனையோ தடவை அவரைக் கிண்டல் பண்ணியிருக்கேம்மா. அன்னிக்கு அவரு நின்ன மாதிரி... உக்காந்த மாதிரி, என்னால எந்தக் காலத்துலயும் நடிக்க முடியாது.

வோரிக் பொறுமை போய்ப் புடிச்சுத் தள்ளிட்டான். சாகடிக்கணும்னு இல்ல, வாயை மூட வைக்கணும்னு. தலை போய் இந்த மேஜை முனையில இடிச்சுது. இல்ல, நீங்க கையை எடுக்க வேண்டாம், வச்சுக்குங்க. எடுத்தா கேப்டன் பாப்பான்.

எங்கே புதைச்சாங்கன்னா? சொல்றேன், நீங்க டீக் கப்பைப் பாத்துக்கிட்டே கேளுங்க. உங்களுக்கு இடப்பக்கம் ஜன்னல். அதுக்கு வெளியே ஒரு அத்திமரம். அதுக்கும் மதிலுக்கும் நடுவுல. குழி வெட்ட ஜும்ஆவைத்தான் கூப்பிட்டான். அடையாளம் வேணும்னா இடது முழங்கால்ல ஒரு இரும்புத் தகடு இருக்கும். நாட்டுக்கே தெரியும். ஆபரேஷன் முடிஞ்ச கையோட அதைப் பத்தி ரேடியோவுல ஒரு மணி நேரம் பேசினாரே! இப்போ அங்கே தோண்டச் சொல்லிக் கேட்டுடாதீங்க. உங்க கூட வந்த மத்த ரெண்டு பேரும் சேர்ந்தப்புறம், வெளியே நிக்கிற பத்திரிகைக்காரங்களையும் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேளுங்க. உங்க வண்டியில கொடி இருக்கு. அஸ்கரான்காரனுக்குச் சமாதானப் பேச்சுக்கு உங்க தயவு வேணும். உங்களைத் தொட மாட்டான்.

எங்கே விட்டேன்? ஆங். ஆளு செத்துட்டான், காகிதம் வெறுமையா கிடக்கு. விடிஞ்சா உலகத்துக்குப் பதில் சொல்லணும். படம் புடிச்சுக் காட்டினா போலின்னுவாங்க, அதனால நேரடி ஒளிபரப்பு, வெளிநாட்டுக்காரங்க எல்லாம் ஹால்ல உக்காந்திருக்கணும்னு மேலிடத்து உத்தரவு. வோரிக் முன்னாடி தூதரகத்துல இருந்தவன். எங்க நாடகத்துக்கு ஒரு தடவை வந்திருக்கான். பாஷை புரியாது, ஆனா மூஞ்சி ஞாபகம் வச்சிருந்தான்.

எங்களை வீட்டுல இருந்து தூக்கினாங்க. நஜ்லா, அட நில்லுங்கடா, செருப்பாவது போட்டுக்கறேன், எங்க வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைங்க மாதிரி அவசரப்படுறீங்களேன்னு திட்டிக்கிட்டே வந்தா. இங்கே கொண்டு வந்து எனக்கு அவரோட கோட்டைப் போட்டாங்க, முடியை வெட்டினாங்க. அந்தக் கோட்டுல அவரு வாசனை. படிக்க வேண்டியதை எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வச்சாங்க. மாட்டேன்னேன். அடிச்சாங்க, மூஞ்சியை விட்டுட்டு. அப்பவும் மாட்டேன்னேன். அப்புறம் நஜ்லாவைக் கொண்டு வந்து பக்கத்துல நிறுத்தினாங்க. அவ்வளவுதான், நான் சரின்னுட்டேன். அதுல எனக்கு வெக்கமே கிடையாதும்மா. உங்க வீட்டுக்காரரா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பாரு.

ஒளிபரப்பு அன்னிக்கு அவளை கேமராவுக்குப் பின்னாடி நிறுத்தி வச்சிருந்தான், பக்கத்துல ஒரு சிப்பாய். நான் ஒழுங்கா பேசுறேனான்னு பாக்கிறதுக்கு என் கண்ணு முன்னாடியே. முட்டாப்பய! இருபத்தஞ்சு வருஷமா அவ நின்ன இடமே அதுதானே. என் கண்ணுல படுற மாதிரி நின்னு எனக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறவளை, கொண்டு போய் அதே இடத்துல நிறுத்துறான்.

நான் படிச்சுக்கிட்டே வர்றேன். என் அருமை ஸம்ரா மக்களே, நானும் என் அரசாங்கமும்... அடுத்தது, மனமுவந்து. அந்த வார்த்தை கிட்டப்போய் நின்னுட்டேன். நிமிர்ந்தேன். நஜ்லா என்னைப் பாத்தா. கையைத் தூக்கினா. வலது காதை நிதானமா சொறிஞ்சா.

நானா பண்ணியிருக்க மாட்டேம்மா. பயம். அவதான் எடுத்துக் கொடுத்தா. அதுக்கப்புறம் என் கை என் பேச்சைக் கேக்கல. காதைச் சொறிஞ்சேன், மனமுவந்துன்னேன். மறுபடி சொறிஞ்சேன், எந்தக் கட்டாயமும் இல்லாமன்னேன். இன்னொரு சொறி, கையெழுத்து. வெளிநாட்டுக்காரங்க எழுந்து கைதட்டுறாங்க. வோரிக் என் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

ஊர்ல என்ன ஆச்சுன்னு ஜும்ஆ வந்து சொன்னாரு. ஒவ்வொரு வீட்டுலயும் முதல்ல ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்களாம். அப்புறம் சிரிப்பு. சிரிச்சுச் சிரிச்சு அழுதிருக்காங்க. நாட்டைக் கொடுத்தது நம்ம ஆளு இல்லடா, சந்தைக் கொட்டகை வஜீஹ்டான்னு. மறுநாள் காலையில ரொட்டிக் கடையில சிப்பாய் வந்து நின்னா, கடைக்காரன் காதைச் சொறிஞ்சுக்கிட்டே வாங்க ராஜான்னு சொல்றான். ரயிலடியில, பள்ளிக்கூடத்துல, எங்க பாத்தாலும் சொறி. இவனுங்க, இந்த ஊருல ஏதோ தோல் வியாதின்னு டாக்டரை வரவழைச்சானுங்க! மருந்து தெளிச்சானுங்க! சிரிக்கலாம் நீங்க, தப்பில்ல, கேப்டன் நம்மளைப் பாத்து சந்தோஷப்படுறான் பாருங்க, விருந்தாளியும் தலைவரும் நல்லாப் பழகுறாங்கன்னு.

ஆனா பசங்களை ஆள் எடுக்க வந்தப்போதான் அது எதுக்குன்னு தெரிஞ்சுது. ஜனாதிபதி உத்தரவுன்னு ஒட்டினான். ஒரு பையனும் வரல. எந்த ஜனாதிபதின்னு கேட்டானுங்க. கிழவிங்க எல்லாம் ஜீப்புக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு காதைச் சொறியிறாளுங்க. பாதிப் பசங்க மலைக்கு ஏறிட்டானுங்க, உங்க அம்மா ஊரு பக்கந்தான். இன்னி வரைக்கும் இறங்கல. அதுக்கப்புறம் எவனோ ஒருத்தன் காசுக்குக் காட்டிக் கொடுத்துட்டான், இதுதான் விஷயம்னு. பொது இடத்துல காதைத் தொட்டா கைதுன்னு சட்டம் போட்டானுங்க. உலகத்துல எந்த நாட்டுலயாவது அப்படி ஒரு சட்டம் உண்டாம்மா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

நானா? என்னைக் கொல்ல முடியாதே. கொன்னா ஜனாதிபதிக்கு எங்கே போவான்? அதனால நஜ்லாவைக் கடற்கரைக் கோட்டைச் சிறைக்குக் கொண்டு போயிட்டான். இனிமே நீ விரலை அசைச்சாலும் அவளுக்குத்தான்னான். அதுக்கப்புறம் நான் அசையல. ஜன்னல்ல வந்து நில்லுன்னா நிப்பேன், கையாட்டுன்னா ஆட்டுவேன். வெள்ளிக்கிழமை தோறும் ஒருத்தன் வந்து சேதி சொல்லுவான். நல்லாயிருக்கா, சாப்பிடுறா, உன்னைக் கேட்டா.

அதான் நீங்க ஆரம்பத்துல இருந்து கேக்க நினைக்கிறீங்க, எனக்குத் தெரியும். கண்ணு சொல்லுதே. இதையெல்லாம் சொன்னா உன் பொண்டாட்டி கதி என்ன, பேரை மறைச்சு எழுதட்டுமான்னு. ஜும்ஆவைப் பத்திக் கவலை வேண்டாம். உங்களுக்குத் தண்ணி கொடுத்த கையோட காய்கறி வாங்கப் போறேன்னு கிளம்பிட்டாரு, அவரு தங்கச்சியும் கூடப் போயிடுச்சு. இந்நேரம் மலைப்பாதையில இருப்பாங்க.

நேத்து சாயங்காலம் வோரிக்கே நேர்ல வந்தாம்மா. அந்த நாற்காலியிலதான் உக்காந்தான். கூட மொழிபெயர்ப்புக்காரன். நாளைக்கு ஒரு அம்மா வருவாங்க, மனமுவந்துதான் சேர்ந்தோம்னு ஒழுங்கா சொல்லிடு, வெள்ளிக்கிழமை உன் பொண்டாட்டி இங்கே இருப்பான்னான். ரொம்ப நன்றி கர்னல்னேன். அவளுக்குக் குளிர் ஆகாது, வழியில போத்திக்க அவளோட ஊதாச் சால்வையை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்கன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே, ஆகட்டும், நானே சொல்றேன்னான்.

அவ பனிக்காலத்துலயே போயிட்டாம்மா. நெஞ்சுச் சளி, மருந்து கொடுக்கல. ஜும்ஆவோட தங்கச்சி அந்தச் சிறையிலதான் கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்துச்சு. அதுதான் குளிப்பாட்டி, அந்த ஊதாச் சால்வையைச் சுத்தி மண்ணுல இறக்குச்சாம். போன வாரந்தான் எனக்குச் சேதி வந்தது. எனக்குத் தெரியும்னு அவனுங்களுக்குத் தெரியாது.

அதனால பேரை மறைக்க வேண்டாம். வஜீஹ் தன்னூஸ்னே எழுதுங்க. பக்கத்துல நஜ்லா பேரையும் போடுங்க.